கொடியா, கதவைத் தட்டும் பெண்ணா?

வங்கதேசக் கடலோரத்தில் புயல் எச்சரிக்கை ஊருக்குள் வர இரண்டு வழிகள். ஒன்று, சிவப்புக் கொடியும் மெகாபோன் அறிவிப்பும். வேகமானது, சரி. ஆனால் கடைத்தெருவில் ஏறும் கொடி பெரும்பாலும் ஆண்கள் கண்ணில்தான் படும். 1991 ஏப்ரல் புயலில் ஏறக்குறைய 1,38,000 பேர் இறந்தார்கள். அதில் பெண்களே மிக அதிகம். கணவர் வரட்டும் என்று பிள்ளைகளோடு வீட்டிலேயே காத்திருந்தவர்கள் பலர்.

இன்னொன்று, பெண் தொண்டர் வீடு வீடாகப் போவது. நேரம் பிடிக்கும். ஆனால் அவர் அடுப்படி வரை போவார். முகாமில் பெண்களுக்குத் தனி இடம் உண்டா, கழிப்பறை எங்கே, ஆட்டை எங்கே கட்டுவது? மெகாபோனிடம் இதையெல்லாம் கேட்க முடியாது. 1972இல் தொடங்கிய புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தில் இன்று ஏறக்குறைய பாதித் தொண்டர்கள் பெண்கள். கொடியை இறக்கச் சொல்லவில்லை. ஒன்றுக்குத்தான் பணம் என்றால் தொண்டருக்கே கொடுப்பேன்.