கருவுற்ற எலிகளின் சீரத்தில் ஒரு புரோஜெஸ்டிரோன் எலைசா கிட்

மனிதச் சீரத்துக்கென விற்கப்படும் ஒரு புரோஜெஸ்டிரோன் எலைசா கிட்டை, அதாவது கர்ப்பத்தைக் காக்கும் ஹார்மோனான புரோஜெஸ்டிரோனை ஆன்டிபாடி கொண்டு அளக்கும் கிட்டை, கருவுற்ற வெள்ளை எலிகளின் சீரத்தில் எங்கள் ஆய்வகம் பயன்படுத்தியது. கர்ப்பத்தின் நடுப்பகுதி வரை அதை நம்பலாம். பிரசவத்தை நெருங்கும் நாட்களுக்கு அதை வாங்குவது வீண்செலவு.

செய்முறையில் குறையில்லை. 96 குழிகள் கொண்ட தட்டில், ஹார்மோன் கூடக்கூட நிறம் மங்கும் போட்டி முறை; அமிலம் விட்டதும் நீலம் மஞ்சளாகிறது, 450 நானோமீட்டரில் படிக்கும்போது இணைக் குழிகள் ஒத்துப்போகின்றன. ஆனால் ஒப்பிட்டு அளக்கத் தரப்படும் அளவு தெரிந்த கரைசல்களில் உச்ச ஸ்டாண்டர்டு மில்லிலிட்டருக்கு 40 நானோகிராம்தான். 15ஆம் நாள் எலிச் சீரம் அதை எளிதில் தாண்டிவிடுவதால் ஹார்மோன் இல்லாத பூஜ்ய ஸ்டாண்டர்டைக் கொண்டு நீர்க்கச் செய்ய வேண்டியிருக்கிறது. அந்தக் குப்பியோ கைக்கடக்கமானது, பாதி வேலையிலேயே தீர்ந்துவிடுகிறது.

உண்மையான சிக்கல் எலியின் உடலியலில் இருக்கிறது. மனிதரில் சில வாரங்களிலேயே நஞ்சுக்கொடி புரோஜெஸ்டிரோன் உற்பத்தியை ஏற்றுக்கொள்ள, எலியிலோ ஏறத்தாழ 22 நாள் கர்ப்பம் முழுவதும் சினைப்பையில் முட்டை வெளியேறிய இடத்தில் உருவாகும் கார்பஸ் லூட்டியமே அதைச் சுரக்கிறது. இனச்சேர்க்கையால் தூண்டப்பட்டு நாளுக்கு இருமுறை பொங்கும் பிட்யூட்டரிச் சுரப்பியின் புரோலாக்டின் ஹார்மோன் முற்பாதியிலும், நஞ்சுக்கொடியின் லாக்டோஜென் ஹார்மோன் பிற்பாதியிலும், புரோஜெஸ்டிரோனைச் செயலிழக்கச் செய்யும் நொதியை அடக்கி வைக்கின்றன. இறுதியில் புரோஸ்டாகிளாண்டின் எஃப்2ஆல்ஃபா அந்த நொதியைக் கிளப்பிவிட, புரோஜெஸ்டிரோன் சரிந்து, அதன் இடத்தில் அதன் செயலிழந்த வடிவமான 20-ஆல்ஃபா-டைஹைட்ரோபுரோஜெஸ்டிரோன் பெருகுகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியாத ஆன்டிபாடிக்கு அந்தச் சரிவு முழுமையாகத் தெரியாது.

ஆன்டிபாடி தவறுதலாகப் பற்றும் பிற பொருள்களைக் காட்டும் குறுக்குவினை அட்டவணை கிட்டோடு வரும் தாளில் இருக்கிறது; அதில் இந்த 20-ஆல்ஃபா வடிவமே இல்லை. மனிதருக்கு முதன்மையான அட்ரினல் ஸ்டீராய்டான கார்டிசால் இருக்கிறது, எலிக்கு முதன்மையான கார்டிகோஸ்டீரோன் இல்லை. மனிதருக்காகத் தயாரித்தது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. 21ஆம் நாள் மாதிரிகளை மூலக்கூறுகளை நிறையால் பிரித்தறியும் நிறைமாலைமானியில் அளந்தபோது செங்குத்தாக விழுந்த கோடு, கிட்டின் அளவீட்டில் தயங்கித் தயங்கி இறங்கியது. விற்பனையாளரிடம் கேட்டதற்கு ஈத்தரால் பிரித்தெடுத்துவிட்டு அளக்கச் சொன்னார்கள். இரண்டு ஸ்டீராய்டுகளும் ஈத்தரில் சேர்ந்தே வந்துவிடும் என்பதை அவர்கள் யோசித்ததாகத் தெரியவில்லை.

கருப்பதிவு நாட்களையோ நடுக்கர்ப்பத்தையோ மட்டும் ஆராய்பவர்களுக்கு இந்த விலையில் இது போதும். பிரசவத்துக்கு முந்தைய வீழ்ச்சியை அளக்க விரும்புவோர், 20-ஆல்ஃபா குறுக்குவினை எத்தனை விழுக்காடு என்பதை எழுத்தில் பெற்ற பிறகே கொள்முதல் ஆணை அனுப்ப வேண்டும்.