‘இரவுக் காவல் உண்டு’ என்ற பலகையை நம்பி வண்டியை விட்டுச் செல்வோர் கவனத்திற்கு

மூன்று இரவுகள் காட்டில் தங்கும் நடைப்பயணத்திற்குப் புறப்பட்டபோது, பாதை தொடங்கும் இடத்திலிருந்த ஆளரவமற்ற வெளியில் காரை விட மனம் ஒப்பாமல், அதற்குச் சற்று முன்னால் சாலையோரம் இருந்த ஒரு தனியார் நிறுத்துமிடத்தில் பணம் கட்டி விட்டுச் சென்றேன். இரவு முழுவதும் காவலாளி உண்டு, கேமரா உண்டு என்று பலகையில் எழுதியிருந்தார்கள். பணம் வாங்கியவரும் அதையே உறுதியாகச் சொன்னார்.

நான்காம் நாள் மாலை திரும்பியபோது, பின்கதவை ஒட்டிய சிறு கண்ணாடி உடைந்து இருக்கை முழுவதும் மணிமணியாகச் சிதறிக் கிடந்தது. உடைந்த இடத்தின் வழியே கையை விட்டுக் கதவைத் திறந்து, பின்னிருக்கையின் சாய்வைக் கீழே மடக்கி, அதன் வழியாகவே டிக்கியில் இருந்த மடிக்கணினியையும் மாற்றுடைப் பையையும் எடுத்திருக்கிறார்கள். டிக்கியின் பூட்டில் ஒரு கீறல்கூட இல்லை. இதோடு முடிந்தது என்று எண்ணிச் சாவியைத் திருப்பியதும் எழுந்த பேரிரைச்சலில்தான் அடியிலும் ஏதோ போயிருக்கிறது என்று புரிந்தது. குனிந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். புகைக்குழாயின் நடுவில், எஞ்சின் புகையின் நச்சைக் குறைக்கும் பாகமான கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

அந்தப் பாகத்திற்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் ஆகிய விலையுயர்ந்த உலோகங்கள் இருப்பதால்தான் அதைக் குறிவைக்கிறார்கள். பேட்டரியில் ஓடும் ரம்பம் இருந்தால் சில நிமிடங்களில் அறுத்துவிடலாம். ஆனால் இரும்பை அறுக்கும் அந்தச் சத்தம், காட்டின் அமைதியில், வெகு தூரம் கேட்கும். விழித்திருக்கும் ஒரு காவலாளி அந்த வளாகத்தில் இருந்திருந்தால் அது அவர் காதில் விழாமல் இருந்திருக்க வழியே இல்லை. இதை நான் கேட்ட பிறகுதான், இரவு பத்து மணிக்கு மேல் அங்கு யாரும் தங்குவதில்லை என்பதையும், கேமரா பணம் வாங்கும் அறையின் வாசலை மட்டுமே பார்க்கிறது என்பதையும் ஒப்புக்கொண்டார்கள். ரசீதின் பின்புறத்தில், வாகனத்திற்கும் உள்ளிருக்கும் பொருட்களுக்கும் உரிமையாளரே பொறுப்பு என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்ததையும் அப்போதுதான் திருப்பிக் காட்டினார்கள்.

என்னை இன்றுவரை உறுத்துவது அவர்கள் கொடுத்த ஓர் அட்டை. திரும்பி வரும் தேதியைப் பெரிய எழுத்தில் எழுதி, முன்கண்ணாடிக்குப் பின்னால், வெளியே தெரியும்படி வைக்கச் சொன்னார்கள். நானும் மறுக்காமல் வைத்தேன். அந்த வண்டிக்கு இன்னும் எத்தனை நாட்களுக்கு யாரும் வரமாட்டார்கள் என்பதை வழியில் போகும் எவரும் படித்துத் தெரிந்துகொள்ள அது போதும். அனுமதிச் சீட்டைக் கண்ணாடியில் வைக்க வேண்டும் என்று வனத்துறையோ பூங்கா நிர்வாகமோ விதித்திருந்தால் வைத்துத்தான் ஆக வேண்டும். ஆனால் தனியார் ஒருவர் கேட்டால், அவருடைய பதிவேட்டில் தேதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் திரும்பும் நாள் தெரிந்திருக்க வேண்டியவர்கள் வீட்டாரும் வனக் காவலரும்தான்.

என் பங்கிலும் ஒரு பிழை உண்டு. பின்னிருக்கையில் இருந்த மடிக்கணினியை டிக்கிக்கு மாற்றியது அந்த நிறுத்துமிடத்திலேயே, பலர் பார்க்க நடந்தது. மறைக்க வேண்டியதை வீட்டிலேயே மறைத்துவிட்டு வர வேண்டும். கொண்டுவராமல் இருப்பது அதைவிட நல்லது. அந்த மாலை முழுவதும் என்னை வாட்டிய கவலையோ வேறு. காரின் முன்னிருக்கைக்கு எதிரே உள்ள சிறு பெட்டியில் வீட்டு முகவரி அச்சிட்ட வண்டிப் பத்திரங்கள் கலைந்து கிடந்தன. அவற்றோடு இருந்த வீட்டின் மாற்றுச் சாவியைக் காணவில்லை. அங்கே கைபேசிக்குச் சிக்னல் கிடையாது. ஏறக்குறைய ஒரு மணி நேரம் சாலையில் நடந்து, அண்டை வீட்டாரை அழைத்து, பூட்டை உடனே மாற்றச் சொல்லும் வரை கை நடுக்கம் நிற்கவில்லை. பத்திரங்களையும் சாவிகளையும் முதுகுப்பையிலேயே எடுத்துச் செல்லுங்கள். அவற்றின் எடை ஒரு பொருட்டே அல்ல.

நிறுத்துமிடத்தார் பேச்சை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதை முதல் நாளே நான் உணர்ந்திருக்க வேண்டும். மீந்த உணவை வண்டியிலேயே வைத்துவிட்டுப் போகலாம், ஒன்றும் ஆகாது என்று சொன்னார்கள். அமெரிக்காவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் உணவின் வாசனைக்குக் கரடிகள் கார்க் கதவையே பிய்த்திருப்பதால் இரவில் காருக்குள் உணவு வைக்கத் தடை இருக்கிறது என்று படித்திருந்ததால், அதை மட்டும் நான் கேட்கவில்லை. திரும்பி வந்த நாளிலும் இதே போன்ற ஓர் அறிவுரை கிடைத்தது: சத்தம்தானே, அப்படியே ஓட்டிச் செல்லுங்கள் என்றார்கள். குழாய் நடுவில் அறுந்திருந்தால் கார்பன் மோனாக்சைடு கலந்த புகை நாம் அமர்ந்திருக்கும் இடத்திற்கு அடியிலேயே வெளியேறும். அந்த வாயுவுக்கு மணமும் கிடையாது, நிறமும் கிடையாது. இழுவை வண்டியை வரவழைத்தேன். அதற்கு முன்பாக, எதையும் நகர்த்தாமல், உடைந்த கண்ணாடி, அறுந்த குழாய், பலகை, ரசீதின் இருபுறம் ஆகிய எல்லாவற்றையும் படம் எடுத்துவிட்டுக் காவல் நிலையத்தில் புகார் கொடுத்தேன். என் வாகனக் காப்பீடு கண்ணாடிக்கும் திருடுபோன பாகத்திற்கும் பொருந்தியது. மடிக்கணினிக்கும் உடைகளுக்கும் பொருந்தவில்லை.

நிறுத்துமிடத்தார் ஓர் இரவுக் கட்டணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். அதற்கு ஈடாக, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை என்று கையெழுத்துக் கேட்டதால் நான் வாங்கவில்லை. புகார் இன்னும் விசாரணையில் இருக்கிறது. சென்ற வாரம் அந்த வழியாகச் சென்ற நண்பர் ஒரு படம் அனுப்பினார். இரவுக் காவல் உண்டு என்ற பலகை அப்படியே நிற்கிறது. அதன் கீழே நிற்கும் கார்களின் கண்ணாடிகளுக்குப் பின்னால், தேதி எழுதிய அட்டைகளும் தெரிகின்றன.