எஸ்வி650எஸ்: ஒன்பது வருடமும் ஒரு துளையும்

கூட வேலை பார்க்கும் தம்பி போன வாரம் கேட்டார்: "அண்ணே, 2001 மாடல் சுசுகி எஸ்வி650எஸ் பைக் ஒண்ணு விலைக்கு வருது. நீங்க வெச்சிருந்தீங்களே, வாங்கலாமா?" நின்ற இடத்தில் பதில் சொல்ல வரவில்லை.

மான்செஸ்டரில் 2009 முதல் 2018 வரை அதே மாடல்தான் என்னிடம் இருந்தது. 2003-இல் ஃப்யூல் இன்ஜெக்ஷன் வருவதற்கு முந்தைய கார்புரேட்டர் வண்டி.

அந்த எஞ்சினைப் போல இன்னொன்று எனக்கு அமையவில்லை. 645 சிசி, 90 டிகிரி வி-ட்வின், அதாவது 'வி' வடிவில் விரிந்த இரண்டு சிலிண்டர். ஒரு சிலிண்டர் வெடித்து, பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் 270 டிகிரி சுற்றியதும் அடுத்தது வெடிக்கும். அப்புறம் 450 டிகிரிக்கு ஒன்றுமில்லை. நாலு சிலிண்டர் வண்டிகள் ஒரே சீராக வீறிடும். இது நொண்டி நொண்டி ஓடுவது போலக் கேட்கும், ஆனால் ஒவ்வொரு வெடிப்பும் பின் டயரில் இறங்குவது சீட்டிலேயே தெரியும். கிளாஸப் ஊரிலிருந்து ஷெஃபீல்டு பக்கம் போகும் ஏ57 சாலையில், ஸ்னேக் பாஸ் என்ற மலைப்பாதையில், அதன் அருமை புரியும். மூன்றாம் கியரே போதும். ஆக்சிலேட்டரை விட்டால் எஞ்சினே வேகத்தைக் குறைத்துவிடும். வளைவின் பாதியில் மெல்லத் திறந்தால் 4000 ஆர்பிஎம்மிலிருந்தே இழுக்கும். பிரேக்கைத் தொடாமல் லேடிபவர் நீர்த்தேக்கம் வரை இறங்கிய ஞாயிற்றுக்கிழமைக் காலைகள் உண்டு.

இனி அந்தத் துளை. முன் சிலிண்டரின் ஸ்பார்க் பிளக் ரேடியேட்டருக்குப் பின்னால் ஒரு குழிக்குள் இருக்கிறது. மழையில் முன் சக்கரம் வாரி அடிக்கும் தண்ணீர் அங்கேதான் போகும். அது வெளியேற சிலிண்டரின் பக்கவாட்டில் ஒரு சின்னத் துளை உண்டு. அதில் சேறு அடைத்தால் குழியில் தண்ணீர் தேங்கி, முன் சிலிண்டர் நின்றுவிடும். முழு சர்வீஸ் என்று எழுதி பணம் வாங்கிய ஒரு பட்டறை அந்தத் துளையைத் தொடவே இல்லை. இரண்டு வாரம் கழித்து, அடைமழையில், 512 மீட்டர் உயர ஸ்னேக் பாஸில் ஏறும்போது ஒற்றை சிலிண்டரில் மாட்டிக்கொண்டேன். ஆக்சிலேட்டரை முழுக்கத் திருகினாலும் வண்டி திணறுகிறது, பின்னால் லாரி. ஒதுங்கக்கூட இடமில்லை. இன்று நினைத்தாலும் கோபம் வருகிறது.

வீட்டுக்கு வந்து பிளக் கேப்பை இழுத்தேன். குழியில் துருநிறத் தண்ணீர் நின்றது. பழைய சைக்கிள் ஸ்போக்கைத் துளைக்குள் விட்டு ஆட்டினேன். முதலில் மிளகு அளவுக்கு ஒரு சேற்று உருண்டை விழுந்தது, பிறகு தண்ணீர் நூலாக வடிந்தது. ஐந்து நிமிட வேலை! வண்டியைக் குறை சொல்ல மாட்டேன். துளையைப் போட்டுத்தான் கொடுத்திருக்கிறார்கள். பார்க்க வேண்டியவர் பார்க்கவில்லை. அப்புறம் முன் மட்கார்டில் ஒரு பிளாஸ்டிக் நீட்டிப்பை ஒட்டினேன், தொல்லை பெருமளவு குறைந்தது.

முன் ஃபோர்க் மெத்தென்று இருக்கும், பிரேக் பிடித்தால் மூக்கு குத்தும். எஸ் மாடலின் தாழ்ந்த ஹேண்டில்பாரில் ஊர் நெரிசலுக்குள் அரை மணி நேரம் போனால் மணிக்கட்டு வலிக்கும். மலையேறியதும் அந்த வலி மறந்துபோகும்.

சரி, வாங்கலாமா? வேண்டாம் தம்பி. இத்தனை பழைய வண்டி இந்த ஊரில் எத்தனை குளிர்காலம், உறைபனிக்காகச் சாலையில் தூவும் உப்பைத் தின்றிருக்கும்! எக்ஸாஸ்ட் குழாயின் போல்ட் ஒன்று உடைந்தாலே ஒரு சனிக்கிழமை போய்விடும். நான் விற்றதும் அப்படி ஒரு சனிக்கிழமைக்கு அடுத்த நாள்தான். வாங்கியவர் தெருமுனையில் திரும்பி, அந்த நொண்டிச் சத்தம் தேயும் வரை வாசலிலேயே நின்றேன்.

இதையும் மீறி வாங்குவதானால், பணம் கொடுப்பதற்குள் முன் சிலிண்டரின் பிளக் கேப்பைக் கழற்றிப் பாருங்கள். ஸ்போக் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, கொண்டு வருகிறேன்.