சீனிப்பாகில் ஊறிய பச்சை மிளகாய்: இரண்டு போத்தல்கள் பற்றிய மதிப்பீடு

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தைக்கு அண்மையில், வீட்டுத் தயாரிப்புகளை மட்டும் வைத்து விற்கும் சிறிய கடையொன்றில், ஊறுகாய்க்கும் மோர்மிளகாய்க்கும் இடையில் சில மாதங்களாக ஒரு புதிய பொருள் இடம்பிடித்திருக்கிறது. வளையம் வளையமாக அரிந்த பச்சை மிளகாயை, வினாகிரியும் இனிப்பும் சேர்ந்த பாகில் காய்ச்சி, அதே பாகோடு போத்தலில் அடைத்து விற்கிறார்கள். ஒன்று வெள்ளைச் சீனியில் செய்தது, மற்றது பனங்கட்டியில் செய்தது. இரண்டையும் வாங்கி, வீட்டில் எல்லோரும் பல வேளை உணவோடு சேர்த்துச் சாப்பிட்டுப் பார்த்த பின்னரே இதை எழுதுகிறேன். சீனிப் போத்தலைத் தயங்காமல் வாங்கலாம். பனங்கட்டிப் போத்தலை, இப்போது அது செய்யப்படும் விதத்தில், வாங்கும்படி என்னால் சொல்ல முடியாது. அந்தச் சுவையை விரும்புபவர்கள் வீட்டிலேயே செய்துகொள்வது நல்லது.

இது அமெரிக்காவிலிருந்து வந்த பக்குவம். ஹலபேனோ என்னும் தடித்த சதையுள்ள மிளகாயை அப்பிள் வினாகிரியிலும் சீனியிலும் காய்ச்சி, மஞ்சள், உள்ளித்தூள், செலரி விதை சேர்த்து அங்கே செய்வார்கள். ‘கவ்பாய் கேண்டி’ என்பது அதற்கு அங்குள்ள பெயர். ஆனால் சீனிச் சம்பலும் மாங்காய்ச் சட்னியும் சாப்பிட்டு வளர்ந்த நாக்குக்கு இனிப்பும் புளிப்பும் உறைப்பும் ஒன்றாக வருவது புதிதல்ல. அதனால்தான் இந்தப் போத்தல் இங்கே அந்நியமாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

சீனிப் போத்தலைப் பற்றி முதலில் சொல்லவேண்டும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் பாகு மஞ்சள் கலந்த பொன்னிறமாகத் தெளிந்திருக்கிறது. கடுகும் சில மிளகாய் விதைகளும் அடியில் படியாமல் பாகின் நடுவிலேயே நிற்கின்றன. பாகு எவ்வளவு இறுகியிருக்கவேண்டுமோ அவ்வளவுதான் இறுகியிருக்கிறது என்பதற்கு அதுவே அடையாளம். கரண்டியில் எடுத்துச் சாய்த்தால் பாகு துளித்துளியாகச் சிந்தாமலும் நூலாக இழுபடாமலும் ஒரே தாரையாக இறங்குகிறது. மிளகாய் வளையத்தின் விளிம்பு கெட்டியாகவே இருக்கிறது, கடித்தால் மெல்லிய நொறுக்கு கேட்கிறது. நிறம் மட்டும் பச்சையாக இல்லாமல் மங்கிய ஒலிவ் நிறமாக மாறியிருக்கிறது. இதைக் குறையாகக் கொள்ளக்கூடாது. புளிப்பும் சூடும் சேரும்போது இலைப்பச்சையத்திலுள்ள மக்னீசியம் நீங்கிவிடுவதால் பச்சைக் காய்கறி எதுவும் இப்படித்தான் மங்கும். பளிச்சென்ற பச்சையில் ஒரு போத்தல் இருந்தால் சாயம் சேர்த்திருக்கிறார்களா என்றுதான் நான் கேட்பேன்.

செய்தவர்களின் கைத்திறன் தெரிவது மிளகாய்த் தெரிவில். எங்கள் பச்சை மிளகாய் தோல் மெல்லியது, சதை குறைவு. அமெரிக்கச் செய்முறையை அப்படியே பின்பற்றினால் அது பாகுக்குள் சுருங்கித் தோலும் விதையுமாகிவிடும். இவர்கள் உறைப்புக்குப் பச்சை மிளகாயையும் சதைக்குக் கறிமிளகாயையும் கலந்து, இரண்டையும் சற்று அகலமாக அரிந்திருக்கிறார்கள். முதல் வாயில் கறிமிளகாயின் சாறும் பாகின் இனிப்பும் வருகின்றன. பிறகு வினாகிரி எழும்புகிறது. உறைப்பு கடைசியாகத்தான் வருகிறது, வந்தபின் நெடுநேரம் நிற்கிறது. இந்த ஒழுங்கு குலையாமல் இருப்பதே இந்தப் போத்தலின் பெருமை. இனிப்பு முன்னே நின்று மற்ற இரண்டையும் மூடிவிடும் தயாரிப்புகளை நான் வேறிடங்களில் சாப்பிட்டிருக்கிறேன். அவற்றைத் தோசி வகையில் சேர்க்கலாமே தவிர, மிளகாய் என்று சொல்ல வாய் வராது.

உறைப்பைக் குறைக்க விதையை நீக்கவேண்டும் என்று பலர் நம்புகிறார்கள். உண்மையில் உறைப்பைத் தரும் கப்சாயிசின், விதைகளைத் தாங்கி நிற்கும் வெண்ணிறத் தசையிலேயே உண்டாகிறது. விதையில் இருப்பது அதிலிருந்து ஒட்டிக்கொண்டதுதான். இந்தக் கப்சாயிசின் தண்ணீரில் கரைவதில்லை, கொழுப்பில் கரையும். அதோடு, சூட்டை உணரும் அதே நரம்பு ஏற்பியைத்தான் அது தூண்டுகிறது. மிளகாயைக் கொண்டே அந்த ஏற்பியைக் கண்டறிந்த டேவிட் ஜூலியசுக்கு 2021 ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சாப்பாட்டு மேசைக்கு இதில் ஒரு பயன் உண்டு. சூடான சோற்றோடு இந்த மிளகாய் கூடுதலாக எரியும். குளிர்ப்பெட்டியிலிருந்து எடுத்த கையோடு தயிருடனோ வெண்ணெய் பூசிய பாணுடனோ சாப்பிட்டால் அதே வளையம் அடங்கி, இனிப்பு முன்னே தெரியும். சிறுபிள்ளைகள் உள்ள வீட்டில் இரண்டாவது வழியே உகந்தது.

எங்கள் வீட்டில் இது மிக நன்றாகப் பொருந்தியது பருத்தித்துறை வடையோடு. வடையின் மொறுமொறுப்பும் எண்ணெய்ப் பசையும் பாகின் புளிப்பை வாங்கிக்கொள்கின்றன. மீன் பொரியலுக்கும் கட்லட்டுக்கும் பக்கத்தில் வைக்கலாம். தோசைக்குச் சரிவரவில்லை, மாவின் புளிப்பும் வினாகிரியின் புளிப்பும் ஒன்றோடொன்று மோதுகின்றன. பிட்டோடு சாப்பிட்டவர்கள் நல்லது என்றார்கள், எனக்கு அது பிடிக்கவில்லை.

பனங்கட்டிப் போத்தலுக்கு வருவோம். பனங்கட்டியும் மிளகாயும் சேரும் என்ற எண்ணம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த மண்ணில் விளையும் இரண்டைக் கொண்டு பிறநாட்டுப் பக்குவமொன்றை எங்களுடையதாக்கும் முயற்சி அது. அதனால்தான் ஏமாற்றமும் கூடுதலாக இருந்தது. போத்தலுக்குள் மிளகாய் வளையங்கள் ஓரம் சுருண்டு, கயிற்றுத் துண்டுகள் போல முறுகிக் கிடந்தன. கடித்தபோது தோல் பல்லுக்கிடையில் நின்றது. பாகு கறுத்துத் தடித்திருந்தது. புளிப்பு இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மந்தமான தித்திப்புத்தான் இருந்தது. கடைசிக் கரண்டியில் மணலும் நெறுநெறுத்தது.

என் கணிப்பில் இவை எல்லாவற்றுக்கும் காரணம் பனங்கட்டியைச் சீனியைப் போலவே கையாண்டதுதான். பனங்கட்டியில் ஈரம் உண்டு, தூசும் உண்டு. அதை மிளகாயோடு சேர்த்தே அடுப்பில் வைத்தால், பாகு பதத்துக்கு வரும்வரை மிளகாயும் கொதித்துக்கொண்டிருக்கும். இறுகும் பாகு மிளகாயின் நீரை இழுத்துவிடத் தோல் சுருங்கிவிடும். இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். பனங்கட்டி காய்ச்சும் கருப்பநீர் புளிக்காதிருக்க முட்டிகளுக்குள் சுண்ணாம்பு பூசித்தான் அதை இறக்குகிறார்கள். அந்தச் சுண்ணாம்பின் மிச்சம் கட்டியில் இருந்தால் வினாகிரியின் அமிலத்தில் ஒரு பகுதியை அது சமன்செய்துவிடும். ஆகவே பனங்கட்டிக்குச் சீனியைவிடக் கூடுதலாக வினாகிரி வேண்டும். இந்தப் போத்தலில் அந்தக் கூடுதல் இல்லை என்பதை நாக்கே சொல்கிறது.

சுவைக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மிளகாய் இயல்பில் அமிலம் குறைந்த காய். காற்றுப் புகாத போத்தலில் அடைக்கும் பொருளின் பிஎச் அளவு (அமிலம் கூடினால் இது குறையும்) 4.6 க்குக் கீழே இருந்தால்தான் பொட்டுலிசம் என்னும் நச்சுநோயை உண்டாக்கும் நுண்ணுயிர் அதில் வளராது. 5 வீத அசற்றிக் அமிலமுள்ள வினாகிரி போதியளவு சேர்வதே அதற்கான பாதுகாப்பு. இரண்டு போத்தல்களிலும் ஒட்டியிருந்த தாளில் பெயரும் தொலைபேசி இலக்கமும் மட்டுமே இருந்தன. செய்த நாள், சேர்த்த பொருள்கள், தென்னங்கள்ளு வினாகிரியா செயற்கை வினாகிரியா என்ற விபரம் எதுவும் இல்லை. கடையிலிருந்த பெண், “திறந்தாப் பிறகு பிரிஜ்ஜுக்குள்ள வையுங்கோ அக்கா, நனைஞ்ச கரண்டி மட்டும் போடாதேங்கோ” என்று அன்போடு சொல்லித்தான் தந்தார். அந்த நல்ல அறிவுரையைத் தாளிலும் அச்சிடவேண்டும். வீட்டுத் தயாரிப்பு என்பதற்காக இதில் தளர்வு காட்டமுடியாது.

விலை சீனிப் போத்தலுக்கு 700 ரூபாயை ஒட்டியது. பனங்கட்டிப் போத்தல் அதைவிடக் கூட. சீனி, வினாகிரி, போத்தல், எரிவாயு எல்லாவற்றின் விலையையும் பார்க்கும்போது முதலாவது நியாயமானதே.

வீட்டில் செய்ய விரும்புவோருக்கு நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். அரைக் கிலோ மிளகாய்க்கு 450 கிராம் சீனியும் 180 மில்லிலீற்றர் வினாகிரியும் போதும். நான் வினாகிரியை 200 மில்லிலீற்றராகக் கூட்டிக்கொள்வேன். செலரி விதை இங்கே எளிதில் கிடைக்காது, அதற்குப் பதிலாகப் பெருஞ்சீரகம் கொஞ்சம் போட்டால் நன்றாகவே இருக்கும். மஞ்சள் அரைத் தேக்கரண்டி, தட்டிய உள்ளி, கடுகு, சிறிது உப்பு. அலுமினியச் சட்டியைத் தவிர்த்து எவர்சில்வர் பாத்திரத்தில் காய்ச்சுங்கள், ஏனெனில் புளிப்பு அலுமினியத்தைத் தின்னும். கையுறை அணிந்து மிளகாயை அரை சென்ரிமீற்றர் அகலத்துக்கு அரியுங்கள். சமையலறை யன்னல்களைத் திறந்து வையுங்கள். வினாகிரி ஆவியோடு எழும் மிளகாய் நெடி வீடு முழுவதையும் இருமவைக்கும்.

பாகு கொதித்து ஐந்து நிமிடம் ஆனபின் மிளகாயைப் போட்டு, நான்கு நிமிடத்துக்கு மேல் விடாமல் துளைக்கரண்டியால் அள்ளி, கொதிநீரில் பத்து நிமிடம் கிடந்த போத்தல்களில் நிரப்பவேண்டும். அதன் பிறகு மிளகாய் இல்லாத வெறும் பாகை மேலும் ஆறு நிமிடம்வரை கொதிக்கவிட்டு, சூட்டோடு அதன்மேல் ஊற்றவேண்டும். மிளகாய் வேறாகவும் பாகு வேறாகவும் பதம் காண்பதே இந்தப் பக்குவத்தின் உயிர்நிலை. பனங்கட்டியில் செய்வதானால் அதை முதலில் சிறிது தண்ணீரில் கரைத்து, துணியில் வடித்து, தனியே பாகு காய்ச்சி, அதன் பின்னரே வினாகிரியை அளவுக்குச் சற்றுக் கூடுதலாகச் சேர்க்கவேண்டும். குளிர்ப்பெட்டியில் இரண்டு கிழமை பொறுத்தால் பாகு சதைக்குள் இறங்கும். அதற்கு முன்னர் திறந்தால் மிளகாய் தனியாகவும் இனிப்புத் தனியாகவும் தெரியும்.

இத்தனை அக்கறையோடு இதைப் பற்றி எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1970களில் இறக்குமதித் தடை இருந்த ஆண்டுகளில் மிளகாயும் வெங்காயமும் யாழ்ப்பாணத்துச் செம்மண் தோட்டக்காரரை நிமிரச்செய்தன. 1977 க்குப் பிறகு வந்த திறந்த பொருளாதாரத்தோடு அந்த நிலை மாறியது. இன்றும் பச்சை மிளகாய் விலை ஒரு பருவத்தில் கைக்கெட்டாமல் ஏறும், இன்னொரு பருவத்தில் ஆய்கூலிக்கும் காணாமல் விழும். செத்தலாக்குவதற்கு வெயில் வேண்டும், இடமும் வேண்டும். விலை விழும் கிழமைகளில் ஒரு அடுப்பையும் சில போத்தல்களையும் கொண்டு மிளகாயைக் காப்பாற்றும் வழியொன்று இருக்கிறது என்பதைச் சீனிப் போத்தல் காட்டியிருக்கிறது. அதைச் செய்தவர்கள் பனங்கட்டிப் போத்தலையும் அதே தரத்துக்குக் கொண்டுவந்தால், வெளிநாட்டிலிருந்து ஊருக்கு வருபவர்கள் திரும்பும்போது பெட்டிக்குள் வைக்கத் தேடும் பொருள்களில் அதுவும் ஒன்றாகும்.

மிளகாய் முடிந்தபின் மிஞ்சும் பாகை வீசிவிடாதீர்கள். தேசிக்காய்ச் சாறும் உப்பும் சேர்த்து, வெள்ளரிக்காயும் சிவப்பு வெங்காயமும் அரிந்த சம்பலுக்கு ஊற்றலாம். கோழி இறைச்சியை வாட்டி எடுக்கும்போது கடைசி நிமிடத்தில் மேலே தடவலாம். முன்னதாகத் தடவினால் சீனி கருகிக் கசந்துவிடும்.