வன்னியில் ஆளில்லாத வீடு வாங்கப் போகிறவர்கள் பணம் கொடுக்க முன் இதை வாசியுங்கள்

முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்கு உள்ளே ஒரு பழைய குடியேற்றத் திட்டத்தில் கைவிடப்பட்டுக் கிடந்த வீட்டை எடுத்துத் திருத்தப் போய் 51 இலட்சம் ரூபாவைக் கொட்டியிருக்கிறேன். 32 இலட்சம் காணிக்கு, மிச்சம் கூரைக்கும் கிணற்றுக்கும் வேலிக்கும். பணம் போனதை விட மோசமான ஒன்றும் நடந்தது, அதையும் சொல்கிறேன். கனடாவிலும் லண்டனிலும் பாரிஸிலும் இருந்துகொண்டு, வட்ஸ்அப்பில் வரும் வீட்டுப் படங்களைப் பார்த்து ஆசைப்படுகிறவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

நான் வன்னியில் பிறந்தவள். 1996 இல் வெளிக்கிட்டு, 2004 இல் கனடியக் குடியுரிமை எடுத்தேன். அப்படி இன்னொரு நாட்டுக் குடியுரிமையை விரும்பி எடுத்தால் இலங்கைக் குடியுரிமை தானாகவே போய்விடும். 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அப்படித்தான் சொல்கிறது. இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பித்திருக்கலாம், பிறகு பார்ப்போம் என்று விட்டுவிட்டேன். ஆகவே நான் பிறந்த மண் சட்டப்படி எனக்கு வெளிநாடு. இந்த வரியை எழுதவே கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எல்லாம் இதிலிருந்துதான் தொடங்கியது.

2022 இல் ரூபா விழுந்தபோது, இங்கே மிச்சம் பிடித்த காசு அங்கே பெரிய தொகையாகத் தெரிந்தது. எனக்குத் தெரிந்த பலர் காணி பார்க்கத் தொடங்கினார்கள். அந்த மார்கழியில் நானும் போனேன். தூரத்து உறவு ஒருவர் மூலம் ஒரு புரோக்கர் வந்தார். நல்ல பேச்சு, நெற்றி நிறையத் திருநீறு, வாய்க்கு வாய் "அக்கா".

அந்த வீட்டை முதலில் பார்த்த நேரம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. சுவர்கள் மட்டும் நின்றன. ஓடு, வளை, கதவு, நிலை எல்லாவற்றையும் 2009 க்குப் பிறகு யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். நடு அறைக்குள் ஒரு ஆலங்கன்று என் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. முற்றத்தில் இரண்டு மாமரம், பின்னுக்குக் கட்டுக்கிணறு, எல்லையில் ஒரு பெரிய பாலைமரம். அதன் அடியில் வைரவர் சூலம். என் அம்மாவின் வளவிலும் அப்படி ஒன்று இருந்தது. அதைக் கண்டதும் எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை, மனம் முந்திக்கொண்டது.

சூலத்துக்கு முன்னால் ஒரு கிளிஞ்சட்டி இருந்தது. எண்ணெய் காயவில்லை, சுற்றிக் கூட்டியும் இருந்தது. யார் கொளுத்துவது என்று கேட்டேன். "அது ஊராக்கள் கொளுத்துறவை அக்கா. சொந்தக்காரர் எல்லாம் பிரான்ஸிலை. ஆளில்லா வளவு" என்றார் புரோக்கர். சைக்கிளில் வந்த ஒரு ஐயா படலையடியில் நின்று எங்களைப் பார்த்தார், ஒன்றும் பேசாமல் போனார். நான் அவரைக் கூப்பிட்டுக் கேட்கவில்லை.

சரி, பத்திரம்? காட்டினார்கள், ஒன்றல்ல, இரண்டு உறுதி. முதலாவது, ஒருவர் இந்தக் காணியைப் பத்து வருடத்துக்கு மேலாகத் தடையின்றித் தானே ஆண்டு வருவதாக எழுதிக் கொடுத்தது. இரண்டாவது, அவர் அதை விற்பது. இரண்டும் வேறு மாவட்டத்து நொத்தாரிசு, அதாவது உறுதி எழுதும் சட்டத்தரணி, ஒருவர் முடித்தவை. முதல் உறுதிக்கு வயது நாலே மாதம். அதை நான் கவனித்திருக்க வேண்டும். கூரையில்லாத, அறைக்குள் மரம் முளைத்த வீட்டை ஒருவர் பத்து வருடம் எப்படி ஆண்டிருப்பார் என்ற சின்னக் கேள்வி கூட எனக்கு வரவில்லை.

"வெளிநாட்டுப் பாஸ்போட்டிலை எழுதேலாது அக்கா, அதாலை என்ரை மருமகனின்ரை பேரிலை எழுதுவம். நீங்கள் இரட்டைக் குடியுரிமை எடுத்த உடனை மாத்தித் தாறம்" என்றார். அந்த மருமகன் முன்னால் வந்து நின்றான், இருபத்தைந்து வயதிருக்கும், அமைதியான பிள்ளை. எனக்கென்று ஒரு கடதாசி தந்தார்கள்: காசு என்னுடையது, காணி உண்மையில் எனக்குரியது என்று. அது பதிவு செய்யாத கடதாசி. அதை நம்பி 32 இலட்சத்தை மூன்று தவணையாகக் கொடுத்தேன்.

பிறகு கனடாவுக்குத் திரும்பி வந்து, இங்கிருந்தபடியே வேலை செய்வித்தேன். கிணறு இறைக்க வந்தவர்கள் முதலில் இறங்க மாட்டோம் என்றார்கள். சண்டை நடந்த இடத்துக் கிணற்றுக்குள் என்ன கிடக்கும் என்று யாருக்குத் தெரியும்? கண்ணிவெடி அகற்றுபவர்கள் வந்து பார்த்துச் சரி என்ற பிறகுதான் இறங்கினார்கள். அந்த எச்சரிக்கை உணர்வு அவர்களுக்கு இருந்தது, எனக்கு இருக்கவில்லை. மாசியில் சுவர் பூசி முடிந்தது. பங்குனியில் வளை ஏறியது. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வந்து, மேசன் அனுப்பும் படங்களைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவேன்.

2023 சித்திரை வருடப்பிறப்புக்கு அடுத்த கிழமை மேசன் போன் எடுத்தார். "அக்கா, இஞ்சை ஒரு பிள்ளை வந்து நிக்குது. தன்ரை வீடு எண்டு அழுகுது."

வீடியோவில் பார்த்தேன். நாற்பது வயதிருக்கும் ஒரு பெண், பக்கத்தில் பள்ளிக்கூட உடுப்போடு ஒரு பொடியன். கையில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள் இன்னொரு பை. அதற்குள் அவளுடைய தகப்பனின் பெயரில் அரசு கொடுத்த காணி பெர்மிட், அவருக்குப் பிறகு உரிமை பெறும் பின்னுரித்தாளராக அவளுடைய பெயர். முள்ளிவாய்க்கால் வரை உடம்போடு கட்டிக்கொண்டு போய், முகாமிலும் வைத்திருந்து, வெளியே கொண்டு வந்த பை அது. தகப்பன் அந்தக் கடைசி மாதங்களில் செத்துப்போனார். கணவன் எங்கே என்று இன்றுவரை தெரியாது. வவுனியாவில் வாடகைக்கு இருந்து தையல் செய்கிறாள். யானை வரும், கூரையில்லாத வீட்டில் பிள்ளையோடு தனிய இருக்க முடியாது, பொடியன் ஓ.எல். எடுத்த பிறகு வருவோம் என்று இருந்திருக்கிறாள். மாதத்தில் ஒரு வெள்ளி பஸ் ஏறி வந்து வைரவருக்கு விளக்குக் கொளுத்திவிட்டுப் போவது அவள்தான்.

"அக்கா, நீங்களும் எங்கடை ஆள்தானே, எப்பிடி மனம் வந்தது?" என்று கேட்டாள். நான் முதலில் அவளோடு சத்தம் போட்டேன். என்னிடம் உறுதி இருக்கிறது என்று சொன்னேன். இதை மறைக்க விரும்பவில்லை. 2009 இல் எல்லாவற்றையும் விட்டுப் போன ஒருத்தியை, என் காசைக் கொண்டு இரண்டாம் தரமும் அவளுடைய வளவிலிருந்து எழுப்பப் பார்த்திருக்கிறார்கள். அதற்கு நான் கருவியாக இருந்திருக்கிறேன்.

பிறகு வவுனியாவில் ஒரு லோயரைப் பிடித்தேன். அவர் சொன்னதை இயன்றளவு அப்படியே தருகிறேன்.

அந்தத் திட்டக் காணிகள் 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்பட்ட அரச காணிகள். பெர்மிட் காணியை மற்றக் காணியைப் போல் விற்க முடியாது. பிறகு அளிப்புப் பத்திரம், அதாவது பெர்மிட்டுக்கு அடுத்த படியாக அரசு எழுதிக் கொடுக்கும் உரிமைப் பத்திரம், கிடைத்திருந்தாலும் பிரதேச செயலாளரின் எழுத்து அனுமதி முன்கூட்டியே வேண்டும், இல்லாவிட்டால் கைமாற்றம் செல்லாது. வன்னியில் இப்படிக் குடியேற்றத் திட்டத்தில் கொடுத்த காணி ஏராளம். உறுதி எழுதி வாங்கி விற்கும் யாழ்ப்பாணத்துத் தனியார் காணி, அதாவது உறுதிக்காணிக் கணக்கில் இதைப் பார்த்தால் அகப்பட்டுப் போவீர்கள்.

"பத்து வருஷம் சும்மா கிடந்தால் பிடிச்சவனுக்குச் சொந்தம்" என்று புரோக்கர் சொன்னதும் பொய். 1871 ஆம் ஆண்டின் ஆட்சியுரிமைச் சட்டம், சொந்தக்காரருக்கு எதிராகப் பத்து வருடம் இடையறாமல் ஆண்டவருக்குத்தான் பேசும். அரச காணிக்கு எதிராக அது ஓடாது. தனியார் காணியிலும், போரால் தங்கள் நிலத்துக்குப் போக முடியாமல் இருந்தவர்களுக்காக 2016 இல் 5 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அவர்களுக்கு எதிராகக் கணக்கெடுக்க விடாமல் செய்வதற்கான சட்டம் அது. வழக்குப் போட இரண்டு வருடம்தான் அவகாசம் கொடுத்தார்கள். எத்தனை பேருக்கு அது தெரிந்திருக்கும் என்று நினைத்தால் வயிறு எரிகிறது.

என் பக்கத்துச் சிக்கல் வேறு. 2014 ஆம் ஆண்டின் 38 ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி மாற்றுவதைத் தடுக்கிறது. அது 2013 ஜனவரி 1 இலிருந்தே செல்லுபடியாகும் என்றும் எழுதியிருக்கிறார்கள். இரட்டைக் குடியுரிமை உள்ளவர்களுக்குத் தடை இல்லை. தாய் தகப்பனிடமிருந்து முதுசமாக வருவதற்கும் வழி இருக்கிறது. தொடர்மாடி வீட்டுக்கு விலக்கு இருக்கிறது, காணியை 99 வருடம் வரை குத்தகைக்கு எடுக்கலாம். ஆனால் என்னைப் போல ஒருத்தி கிராமத்து வளவு ஒன்றை நேரே வாங்க வழியில்லை. அடுத்தவர் பெயரில் எழுதி இந்தச் சட்டத்தைச் சுற்றிப் போக நினைத்த பிறகு, அந்தக் கடதாசியைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் நியாயம் கேட்பது மிகவும் கஷ்டம் என்றார் லோயர். அதாவது ஏமாற்றியவன் ஓடவே தேவையில்லை. நான் வெளியே சொல்லப் பயப்படுவேன் என்று அவனுக்கு முதலே தெரியும்.

பொலிசில் முறைப்பாடு கொடுத்தேன். நொத்தாரிசு, தனக்குச் சொன்னதைத்தான் எழுதினேன் என்றார். மருமகன் மத்திய கிழக்குக்குப் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். புரோக்கரிடமிருந்து நாலு இலட்சம் திரும்பி வந்தது, அதுவும் கோயிலடியில் நாலு பேர் கூடிப் பேசியதால். அத்தோடு என் நம்பரை புளொக் பண்ணிவிட்டார்.

அந்தப் பெண்ணோடு பிணக்கு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். கூரைக்கு மிச்ச ஓடுகளையும் போடச் சொன்னேன். அவள் முதலில் வேண்டாம் என்றாள், கடன் என்று நினைத்துத்தான் எடுப்பேன் என்றாள். இப்போது மகனோடு அங்கேதான் இருக்கிறாள்.

போன ஆடியில் போயிருந்தபோது சைக்கிள் ஐயாவைச் சந்தித்தேன். ஏன் அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று கேட்டேன். "அவன் பக்கத்திலை நிக்கேக்கை நான் என்னெண்டு சொல்லுறது பிள்ளை? நீ தனிய வந்து கேட்டிருந்தால் சொல்லியிருப்பன்" என்றார்.

அதனால் தனியப் போங்கள். புரோக்கரை விட்டுவிட்டு, இரண்டு பக்கத்து வளவுக்காரரிடமும் கேளுங்கள். விதானையாரிடம், அதாவது கிராம அலுவலரிடம், கேளுங்கள். காணி பெர்மிட்டா, அளிப்பா, உறுதிக்காணியா என்பதைப் பிரதேச செயலகத்தின் காணிக் கிளையில் கோவையை வைத்துக் கேட்கலாம். உறுதிக்காணி என்றால் காணிப் பதிவகத்தில் குறைந்தது முப்பது வருடத்துக்குத் தேடுதல் எடுக்க வேண்டும், உங்களுடைய லோயரைக் கொண்டு, புரோக்கர் கூட்டி வருபவரைக் கொண்டல்ல. வடக்குத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமைக்குள் வரும் காணி என்றால், வெளியாளுக்கு விற்க முன் பங்காளிகள் தாங்களே வாங்கும் முன்வாங்கும் உரிமை இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அடுத்தவர் பெயரில் எழுதுவோம் என்று யார் சொன்னாலும், சொந்தத் தம்பியே சொன்னாலும், அந்த இடத்திலேயே நிறுத்துங்கள்.

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. போன கிழமை லண்டனில் இருக்கும் என் சிநேகிதிக்கு ஒரு வீடியோ வந்திருக்கிறது. மாங்குளத்துக்குக் கிழக்கே, ஓட்டு வீடு, இரண்டு ஏக்கர், ஆளில்லா வளவு, 40 இலட்சம். குரலைக் கேட்டதும் எனக்குத் தெரிந்துவிட்டது, அதே ஆள். வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். கிணற்றைச் சுற்றிக் காட்டும்போது, பின்னால் கொடியில் ஒரு சின்னப் பிள்ளையின் சட்டை காய்கிறது.