கைப்பையில் மூன்று ஆல்பம்

ஊரிலிருந்து திரும்பி ஒன்பது நாள் ஆகிறது. பெட்டியை இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. திரும்பும் வழியில் விமான நிலையத்து போர்டிங் கேட்டில் நின்ற இருபத்தைந்து நிமிஷத்தை எழுதி முடிக்காமல் வேறு எதிலும் மனம் போகமாட்டேன் என்கிறது. மூன்று வாரத்தில் மற்றதெல்லாம் நல்லபடியாகத்தான் நடந்தது. அதை விட்டுவிடுகிறேன்.

வெளிநாட்டில் இருக்கும் நம்மில் பலர் இப்போது போகிற மாதிரிதான் நானும் போனேன். ஐரோப்பாவிலிருந்து நடுவழி நகரம் வரை பெரிய விமானம். அங்கிருந்து எங்கள் பக்கத்துச் சின்ன விமான நிலையத்துக்கு பட்ஜெட் விமானம். இரண்டும் தனித்தனி டிக்கெட். திரும்பும்போதும் அதே வழி.

கிளம்புவதற்கு முந்தின ராத்திரி அம்மா பீரோவைத் திறந்து மூன்று ஆல்பத்தை எடுத்து வந்தாள். கறுப்புத் தாள், நடுவில் மெல்லிய வெள்ளைத் தாள், நாலு மூலையிலும் ஒட்டுமூலை வைத்துச் செருகிய படங்கள். ஒவ்வொரு படத்துக்குக் கீழேயும் அப்பா வெள்ளைப் பென்சிலில் வருஷமும் இடமும் எழுதியிருப்பார். "இங்கே கரையான் வந்துடுச்சும்மா. நீ கொண்டு போய்ப் பத்திரமா வெச்சுக்கோ" என்றாள். அப்பா போய் மூன்று வருஷம் ஆகிறது. வேண்டாம் என்று எப்படிச் சொல்வேன்?

பெரிய பெட்டியில் வைக்க இடமும் இல்லை, மனசும் இல்லை. பெட்டி தொலைந்தால் மான்ட்ரியல் உடன்படிக்கை என்ற சர்வதேச விமானப் பயண ஒப்பந்தப்படி இழப்பீடு உண்டு, பட்ஜெட் விமானமானாலும் பெரிய விமானமானாலும் உச்சவரம்பு ஒன்றுதான், எல்லாம் தெரியும். அப்பாவின் கையெழுத்துக்கு எந்த இழப்பீட்டை வாங்கி என்ன செய்வது? மூன்றையும் கைப்பையில் வைத்தேன்.

செக்-இன் கவுண்டரில் பெரிய பெட்டி 19.8 கிலோ காட்டியது. இருபது கிலோவுக்குப் பணம் கட்டியிருந்தேன். கவுண்டரில் இருந்த பையன் என் தோளில் தொங்கிய பையை ஒரு பார்வை பார்த்தான், அதில் ஒரு சீட்டைக் கட்டினான், போர்டிங் பாஸை நீட்டினான். எடை போடவில்லை. சீட்டுக் கட்டியாகிவிட்டது என்றால் பை போகலாம் என்றுதானே அர்த்தம்? நான் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். குடியேற்றம், பாதுகாப்புச் சோதனை எல்லாம் தாண்டி கேட்டுக்கு வந்து உட்கார்ந்தேன்.

போர்டிங் தொடங்கும்போது இரண்டு பேர் ஒரு தராசைத் தள்ளிக்கொண்டு வந்து வரிசையின் தலைமாட்டில் வைத்தார்கள். ஒவ்வொரு பையாக ஏறியது. ஏழு கிலோவுக்கு மேல் காட்டிய பைகள் எல்லாம் ஓரமாக ஒதுங்கின. என் முறை வந்தது. 9.6.

"மேடம், ஏழுக்கு மேல இருந்தா கட்டணும்" என்றாள் அந்தப் பெண். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயசு இருக்கும். அவள் சொன்ன தொகை, முன்பதிவின்போதே கூடுதல் எடை வாங்கியிருந்தால் கொடுத்திருக்கும் தொகையைப்போலப் பல மடங்கு. சரி, கட்டிவிடலாம் என்று பர்ஸைத் திறந்தேன். ரொக்கம் வாங்கமாட்டார்களாம், கார்டு மட்டும்தான். கார்டைக் கொடுத்தேன். மெஷின் மறுத்தது. அப்படியானால் இணையவழி கட்டுங்கள் என்று ஒரு லிங்க் அனுப்பினார்கள். என் வங்கியோ ஓடிபியை வெளிநாட்டு நம்பருக்கு அனுப்புகிறது. அந்த சிம்மை ஊருக்கு வந்த அன்றே கழற்றி ஒரு சின்ன டப்பாவில் போட்டு வைத்திருந்தேன். டப்பா பெரிய பெட்டியில். பெட்டி விமானத்தின் வயிற்றில். உள்ளூர் நம்பரை அன்று காலையிலேயே அம்மாவின் போனுக்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். விமான நிலையத்து வைஃபையில் நுழையவும் உள்ளூர் நம்பருக்கு ஓடிபி வரவேண்டும். பணம் கையில் இருக்கிறது, கட்ட மனசும் இருக்கிறது, கட்ட வழிதான் இல்லை. அந்த நேரத்தில் எனக்கு வந்தது கோபம்கூட இல்லை, அழுகை.

எனக்குப் பின்னால் ஒரு குடும்பம் கைக்குழந்தையோடு பையைப் பிரித்துத் துணிகளை ஒன்றின்மேல் ஒன்றாக உடுத்திக்கொண்டிருந்தது. ஒரு இளைஞன் ஷூவைப் பைக்குள்ளிருந்து எடுத்து மாட்டிக்கொண்டு, போட்டிருந்த செருப்பை அங்கேயே விட்டுப் போனான். அத்தனை பேர் பார்க்க, தரையில் உட்கார்ந்து தன் சாமான்களைப் பரப்புவது ஒரு மனுஷிக்கு எவ்வளவு கூச்சமாக இருக்கும் என்பதை இந்த விதியை எழுதியவர்கள் ஒருமுறையாவது நினைத்துப் பார்த்திருக்க வேண்டும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, பட்ஜெட் விமானமே வேண்டாம் என்று சொல்லப் போவதில்லை. சொல்லவும் முடியாது. அப்பா ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று தம்பி கூப்பிட்டபோது, அன்று ராத்திரியே கிளம்பி மறுநாள் மதியம் அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றேன். அது இந்தச் சின்ன விமான நிலையத்துக்கு நேராக வரும் பட்ஜெட் விமானத்தால்தான். பழைய வழியில் போயிருந்தால் பெருநகரத்தில் இறங்கி, இன்னொரு ராத்திரி பஸ்ஸிலோ ரயிலிலோ கழிந்திருக்கும். அப்பா என்னைப் பார்த்துப் பேசியது அந்த ஒரு சாயங்காலம்தான். அதற்கு முன்னால் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை ஊருக்குப் போனவள், இப்போது வருஷத்துக்கு ஒரு முறையாவது போகிறேன். இதையெல்லாம் கொடுத்தது அந்த மலிவு டிக்கெட். பெரிய கம்பெனிகள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கு இவர்கள்தான் வந்தார்கள். 2003-இல் நம் நாட்டு பட்ஜெட் கம்பெனி ஏர் டெக்கான் முதலில் பறந்தது ஹூப்ளிக்கும் பெங்களூருக்கும் நடுவில். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், கடனில் மூழ்கியிருந்த மலேசியாவின் ஏர் ஏசியாவை டோனி பெர்னாண்டஸ் ஒரு ரிங்கிட்டுக்கு வாங்கினார். அந்தக் கடனையும் சேர்த்துத்தான். விமானத்தையே பார்த்திராத எத்தனை குடும்பங்கள் அதற்குப் பிறகு ஏறின.

மலிவு எங்கிருந்து வருகிறது என்பதையும் நான் மறுக்கவில்லை. பெரிய கம்பெனி இரண்டு வகுப்பாகப் பிரித்து 150 பேரைச் சுமாராக ஏற்றும் அதே ஏர்பஸ் ஏ320-இல் இவர்கள் 180 பேரை உட்கார வைக்கிறார்கள். முழங்கால் முன் இருக்கையில் முட்டும். நாலு மணி நேரப் பறத்தலுக்கு அதைப் பொறுத்துக்கொள்ளலாம். விமானம் தரையில் நிற்கும் ஒவ்வொரு நிமிஷமும் நஷ்டம் என்பது இந்தத் தொழிலின் பாலபாடம். 1972-இல் அமெரிக்காவின் சவுத்வெஸ்ட் விமான கம்பெனி பணமுடையில் தன் நாலு விமானங்களில் ஒன்றை விற்க நேர்ந்தது. நாலு விமானம் ஓட்டிய நேர அட்டவணையை மூன்றை வைத்தே ஓட்டியாக வேண்டும் என்று, வந்து நின்ற விமானத்தைப் பத்தே நிமிஷத்தில் திருப்பி அனுப்பப் பழகினார்கள். இன்றைக்கு எல்லா பட்ஜெட் விமானமும் அரைமணிக்குள் திரும்பத் துடிப்பது அந்த வழியில்தான். 180 பேரும் ஆளுக்கொரு பெரிய பையைத் தூக்கிக்கொண்டு ஏறினால் தலைக்குமேல் உள்ள அலமாரி போதாது, பையை வைக்க இடம் தேடியே அந்த அரைமணி போய்விடும். ஆக ஏழு கிலோ என்பதில் நியாயம் இருக்கிறது.

என் வழக்கு ஏழு கிலோவோடு இல்லை. தராசு நிற்கும் இடத்தோடு. வாசலிலேயே, செக்-இன் கவுண்டரிலேயே எடை போட்டிருந்தால் என்ன? அங்கே தம்பி வெளியில் நின்றிருந்தான். இரண்டு ஆல்பத்தை அவன் கையில் கொடுத்து அனுப்பியிருப்பேன். பணம் கட்டுவதென்றாலும் அவன் போனிலிருந்து கட்டியிருப்பான். பெரிய பெட்டியைத் திறந்து மாற்றி அடுக்கியிருக்கலாம். எல்லா வழியும் அடைபட்ட பிறகு, திரும்பிப் போக முடியாத இடத்தில் கொண்டுபோய்த் தராசை வைத்தால், அது அலமாரியில் இடம் பார்க்கும் வேலை மட்டும் இல்லை. பயணியின் கையறு நிலையில் காசு பார்க்கும் வேலையும்தான். கவுண்டரில் ஒரு பார்வை பார்த்துச் சீட்டுக் கட்டிய அந்தப் பையன் அரை நிமிஷம் செலவழித்திருந்தால் போதும்.

நான் இருக்கும் இடத்திலும் பட்ஜெட் விமானங்கள் கறார்தான், இன்னும் சொன்னால் ஒருபடி மேல். ஆனால் அங்கே பெரும்பாலும் பார்ப்பது அளவை. ஒரு இரும்புக் கூண்டு இருக்கும், அதில் பை நுழைந்தால் உள்ளே கல் இருந்தாலும் கேட்பாரில்லை. வீட்டிலேயே டேப்பை வைத்து அளந்துகொள்ளலாம். கைப்பை என்பது பயணிக்கு இன்றியமையாதது, நியாயமான அளவும் எடையும் இருந்தால் அதற்குத் தனிக்காசு கேட்கக்கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றமே 2014-இல் சொன்னது. சொன்னபடி எல்லாரும் நடக்கிறார்களா என்றால் இல்லை, ஆனாலும் எடுத்துக்காட்டி வாதாட ஒரு தீர்ப்பு இருக்கிறது. தாமதத்துக்கும் அப்படித்தான். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானம் கம்பெனியின் தவறால் மூன்று மணி நேரமோ அதற்கு மேலோ பிந்திப் போய்ச் சேர்ந்தால், தூரத்தைப் பொறுத்து 250-லிருந்து 600 யூரோ வரை கேட்கலாம். டிக்கெட் என்ன விலைக்கு வாங்கினோம் என்பது கணக்கே இல்லை. இந்த எண்ணம் ஊர்ப்பக்கம் இன்னும் வரவில்லை. "மலிவா வந்துட்டு இதெல்லாம் கேக்குறீங்களே" என்று வரிசையில் ஒருவர் எனக்கே சொன்னார். மலிவாக விற்றது அவர்கள் கணக்கு. அதற்காக நம் மரியாதையையும் சேர்த்துக் கொடுத்துவிட வேண்டுமா?

தரையில் உட்கார்ந்து பையைத் திறந்தேன். ஸ்வெட்டரை முன்பே போட்டுக்கொண்டாயிற்று. புதுச் செருப்பை எடுத்து வெளியே வைத்தேன். ஊரில் ஆசையாக வாங்கிய இரண்டு தடித்த புத்தகங்களை நாற்காலியின்மேல் வைத்தேன். தராசு எட்டு காட்டியது. லேப்டாப்பை விட முடியாது, மிச்சம் ஆல்பம்தான். ஒன்றைக் கையில் பிடித்துக்கொள்கிறேன் என்று கேட்டேன். கையில் இருப்பதும் கணக்குதான் மேடம் என்றாள் அந்தப் பெண். சொல்லும்போது அவள் முகமும் நன்றாக இல்லை, அவளைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. அவளுக்குப் பின்னால் ஒரு மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தார்.

அப்போதுதான் வரிசையிலிருந்து ஒரு பெரியவர் வெளியே வந்தார். எழுபது வயசுக்கு மேல் இருக்கும். மகன் வீட்டுக்குப் போகிறாராம், கையில் ஒரு துணிப்பை மட்டும். "எம்பையி மூணு கிலோதாம்மா. ஒண்ண என்கிட்ட குடு" என்றார். முன்பின் தெரியாதவர் சாமானை வாங்கக்கூடாது என்று அவருக்கு நானே சொன்னேன். "பிரிச்சுக் காட்டு, எல்லாரும் பாக்கட்டும்" என்றார். அந்தப் பெண் ஆல்பத்தை வாங்கி ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். நாலாவது பக்கத்தில் கொஞ்சம் நின்றாள். பிறகு மேற்பார்வையாளரைத் திரும்பிப் பார்க்காமலே, "சரிங்க ஐயா, நீங்க வெச்சுக்கங்க" என்றாள். என் பை 6.6. நான் உள்ளே போனேன். செருப்பும் புத்தகங்களும் அந்த நாற்காலியிலேயே இருந்தன.

அவருக்கு இடம் எனக்கு ஏழு வரிசை முன்னால். இருக்கை விளக்கு ஒன்று மட்டும் எரிந்துகொண்டிருந்தது, அதன் கீழே அவர் ஆல்பத்தின் பக்கங்களைத் திருப்பிக்கொண்டிருந்தது தெரிந்தது. நடுவழி நகரத்தில் தனித்தனி டிக்கெட்காரர்களுக்கு உள்ள பாடு உங்களுக்குத் தெரியும். முதல் விமானம் பிந்தினால் இரண்டாவது கம்பெனிக்கு அதைப் பற்றிக் கவலையே இல்லை, பெட்டியை நாமே எடுத்து மறுபடி செக்-இன் செய்யவேண்டும், அந்த நாட்டுக்குள் நுழைய விசாவும் பார்க்கவேண்டும். அதனால் ஆறு மணி நேரம் இடைவெளி விட்டுத்தான் வாங்கியிருந்தேன், அந்த வகையில் கஷ்டம் இல்லை. பெட்டி வரும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் பெரியவர் காத்து நின்றார்.

ஆல்பத்தை இரண்டு கையாலும் கொடுத்தார். நடுவில் தன் போர்டிங் பாஸை அடையாளம் வைத்திருந்தார். "இதுல பெட்டி பக்கத்துல நிக்கிறது நீதானே?" என்று கேட்டார். பிரித்துப் பார்த்தேன். 2006, விமான நிலைய வாசல். நான் முதல்முறை கிளம்பிய நாள். என்னை வழியனுப்ப வந்த பதினாலு பேர், கயிறு போட்டுக் கட்டிய முப்பது கிலோப் பெட்டி, அதன்மேல் அப்பா தன் கையால் எழுதிய என் பெயர். அன்றைக்கு என் கைப்பையை யாரும் எடை போடவில்லை. உள்ளே என்னவெல்லாம் இருந்தது என்று இப்போது ஞாபகமில்லை, தூக்க முடியாமல் அது தோளை அழுத்தியது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"உங்கப்பா கையெழுத்து அழகா இருக்கும்மா" என்று சொல்லிவிட்டு அவர் தன் துணிப்பையோடு நடந்தார். அவரைக் கூட்டிப்போக யார் வந்திருந்தார்கள் என்று பார்க்கவில்லை, என் பெட்டி வந்துவிட்டது.

அம்மாவின் பீரோவில் இன்னும் நாலு ஆல்பம் இருக்கிறது. அடுத்த தைக்கு டிக்கெட் போட்டாயிற்று. அதே பட்ஜெட் விமானம்தான், அங்கே நேராகப் போக வேறு வழி இல்லை. இந்தத் தடவை கைப்பைக்குக் கூடுதல் எடையை இப்போதே வாங்கிவிட்டேன், ரசீதைத் தாளில் அச்செடுத்து வைத்திருக்கிறேன். வெளிநாட்டு சிம் பர்ஸிலேயே இருக்கும்.