ஆவணப் பயிலரங்கா, எலும்புப் பயிலரங்கா?

முற்கால மாற்றுத்திறனாளிகளின் வரலாற்றைப் படிக்க இரண்டு வகைப் பயிலரங்கு உண்டு: ஒன்றில் பழைய ஆவணங்களைப் படிக்கலாம், மற்றதில் எலும்புகளை.

ஆவணப் பயிலரங்கில், 1570-இல் இங்கிலாந்தின் நாரிச் நகரில் எடுத்த ஏழைகள் கணக்கெடுப்பு போன்றவற்றை வரிவரியாகப் படிக்கலாம். பெயர், வயது, தொழில். சிலருக்குப் பக்கத்திலேயே ‘முடம்’ என்ற குறிப்பு. முடங்கியவர்களும் உழைத்துப் பிழைத்தது தெரியவரும். ஆனால் எழுதியது அதிகாரி. அவருக்குத் தேவைப்படாதது ஏட்டில் ஏறாது.

எலும்புப் பயிலரங்கு எழுத்துக்கு முந்தைய காலத்துக்கும் போகும். ஈராக்கின் ஷனிதார் குகையில் 1957-இல் கிடைத்த நியாண்டர்தால் (அழிந்துபோன பழங்கால மனித இனம்) மனிதரின் வலது கை சூம்பியிருந்தது. முகத்தில் ஆறிய காயம். ஆனாலும் சுமார் 40 வயது வரை வாழ்ந்திருக்கிறார். மற்றவர்கள் பார்த்துக்கொண்டார்களா? வாதம் அங்கேதான் சூடுபிடிக்கும். மனநோயோ, ஊராரின் ஏச்சோ எலும்பில் தெரியாது.

புதியவருக்கு ஆவணம்தான் என் சிபாரிசு. பழைய கையெழுத்து தலைவலிதான், சரி. ஆனால் எலும்பைப் படிக்க உடற்கூற்றியலே தெரிந்திருக்க வேண்டும்.